காதில் விழுந்தால்தான் துடக்கு

என் தாயாரின் உடல் கொழும்பில், வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் கிடந்த அன்று, நான் பிரான்ஸ் தேசத்தில் ஒரு மலைக்கோட்டையின் உச்சியில் நின்று செரிப்பழம் தின்று கொட்டை துப்பிக்கொண்டிருந்தேன். யார் துப்புகிற கொட்டை கூடத் தூரம் போகிறது என்று எனக்கும் கணவருக்கும் போட்டி வேறு. அம்மா போய்விட்டா என்பது அவருக்குத் தெரியும். அவருடைய அக்காவுக்குத் தெரியும். மாப்பிள்ளையாகப் போகிற தம்பிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மாலை கட்ட வந்த மனுசிக்குக்கூடத் தெரிந்திருந்ததாம். பெற்ற பிள்ளை நான் ஒருத்தி. எனக்கு மட்டும் தெரியாது.

இதை நான் சிட்னியில், நாங்கள் இருக்கிற கிரவீனில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "நல்லதுக்குத்தானே மறைச்சவை" என்பார்கள். எங்கள் சனத்துக்கு அது ஊறிப்போன பழக்கம். செத்த செய்தியை ஒருநாளும் நேரே சொல்லமாட்டார்கள். முதலில் "கொஞ்சம் சுகமில்லை" என்பார்கள். பிறகு "கடுமை" என்பார்கள். பிறகு "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார்கள். சாப்பிட்டாயிற்று என்றால்தான் மிச்சம் வரும். இப்போதும் சிட்னியில் யாராவது தொலைபேசியில் என்னிடம் "சாப்பிட்டாச்சோ அன்ரி?" என்று தொடங்கினால் எனக்கு நெஞ்சு பதறும். "செத்தது ஆர் எண்டு முதல் சொல்லு" என்று கத்தியும் இருக்கிறேன். பிறகு பார்த்தால் அது கோயில் அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கிற பிள்ளையாக இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் சிட்னிக்கு வந்து, கிரவீனில் வீடு வாங்கி, இரண்டு பேரும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவைப் பெரும்பாடு பட்டுக் கொழும்புக்கு எடுத்து, வெள்ளவத்தையில் சின்னம்மாவோடு ஒரு சின்ன வீட்டில் இருத்தியிருந்தேன். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அவுஸ்திரேலிய விசா வந்ததும் அம்மா என்னோடு வந்து இருப்பதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவரின் தம்பிக்குப் பிரான்சில் கல்யாணம் சரிவந்தது. அவர் தூலூஸ் நகரத்தில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. இவர்களின் அக்காவும் அங்கேதான்.

மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்கா, அதாவது என் மச்சாள், புருஷனை இழந்தவ. எங்கள் சபையில் கைம்பெண் மணவறைப் பக்கம் வரக்கூடாது. ஆகவே மூத்த ஆண்பிள்ளையான என் கணவரும் நானும்தான் தாய் தகப்பன் இடத்தில் நிற்கவேண்டும். நாங்கள் இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. கல்யாணம் முடிந்து திரும்புகிற வழியில் கொழும்பில் இறங்கி அம்மாவோடு இரண்டு கிழமை நிற்பது என்றுதான் டிக்கெட் போட்டிருந்தோம். என் பெட்டியில் பாதி அம்மாவுக்கு வாங்கின சாமான்கள். முழங்காலுக்குப் போடுகிற பட்டி, சுடுதண்ணிப் பை, பருத்தி நைற்றிகள்.

நாங்கள் தூலூஸ் போய்ச் சேர்ந்து, அலுப்பில் நான் பிரேதம் போலப் படுத்துக் கிடந்த இரவில்தான் கொழும்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மச்சாள்தான் எடுத்தா. குசினிக்குள் வைத்து இவரிடம், என் கணவரிடம், சொன்னா. இரண்டு பேரும் பாரிசில் இருந்த ஐயரை அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஐயர் சொன்னாராம், துடக்கு என்பது செய்தி காதில் விழுந்தால்தான் தொடங்கும், கேளாத வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் துடக்கில்லை, மணவறையில் நிற்கலாம் என்று. துடக்கு என்றால் சாவுத் தீட்டு. அது பிடித்தவர் நல்ல காரியத்தில் கால் வைக்கமுடியாது. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றால் ஆனி முடிகிறது. ஆடியில் எங்களில் எவர் தாலி கட்டுவார்? ஆகவே என் காதை மூன்று நாளைக்கு அடைத்துவைப்பது என்று முடிவு. இதெல்லாம் நான் பின்னால் ஒவ்வொன்றாகக் கறந்து எடுத்த கதை.

காலையில் நான் எழும்பி வரும்போது தொலைபேசியின் வயர் குளியலறைக் கதவுக்குக் கீழால் உள்ளே போயிருந்தது. மச்சாள் உள்ளே நின்று கதைத்துக்கொண்டிருந்தா. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தா.

"இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் எங்கயாவது போட்டு வாங்கோ. மலைக்கு மேல பழைய கோட்டையள், ஊருகள் எல்லாம் இருக்கு. வெள்ளைக்காரர் எவ்வளவு தூரத்தில இருந்து வந்து பாக்கினம்" என்றா.

"பலகாரம் சுடவேணுமே மச்சாள்?"

"அது நான் பாக்கிறன். அவுஸ்திரேலியாவில இருந்து வந்து என்ர குசினிக்குள்ளயே நிக்கப்போறீரே?"

என் மச்சாள் ஒருத்தரைச் சும்மா இருக்க விடுகிற பிறவி இல்லை. அவவின் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும் முன் கையில் வெங்காயம் வந்துவிடும். அப்படிப்பட்டவ புட்டும் சம்பலும் கட்டித் தந்து, தம்பியின் காரையும் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினா. இவரின் காதுக்குள் ஏதோ சொன்னதும் எனக்குக் கேட்டது. "அவளைச் சாப்பிடப் பண்ணு." எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. மச்சாள் எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். பேய்ச்சி நான், மடைச்சி.

அந்த நாட்டில் கார் வலப்பக்கமாக ஓடவேண்டும். சிட்னிக் கைப்பழக்கத்தில் இவர் ஒவ்வொரு சந்தியிலும் இடப்பக்கம் இழுத்தார். "இஞ்சாருங்கோ, வலம்! வலம்!" என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். வீட்டில் என்றால் ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் காரை ஓரத்தில் நிறுத்தி "நீர் வந்து ஓடும்" என்று திறப்பைத் தூக்கித் தருகிற மனுசன். அன்றைக்கு "ஓம் ஓம், சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். நான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலோ என்று நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன்.

முதலாவது கோட்டை ஒரு மொட்டைப் பாறையின் தலையில் இருந்தது. கீழே காரை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். இவர் பையை வாங்கித் தன் தோளில் போட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். நான் பொய் சொல்லவில்லை, கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர் வெளியில் என் கையைப் பிடித்து நடந்ததில்லை. சிட்னியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, பெண்டில் ஹில் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் நாலடி முன்னால் போவார். நான் கடன்காரி போலப் பின்னால் ஓடுவேன். அன்றைக்கு மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை கையை விடவில்லை.

"என்ன, வெள்ளைக்காரரைக் கண்டு பழகிறியளோ?" என்று கேலி பண்ணினேன்.

"சறுக்கும், கவனம்" என்றார்.

மேலே ஒன்றும் இல்லை. பாதி விழுந்த சுவர்கள், கூரையில்லாத ஒரு கோபுரம், அம்பு விடுவதற்காக வைத்த ஒடுக்கமான சன்னல்கள், மழைத்தண்ணீர் சேர்த்துவைக்கிற ஒரு கல்தொட்டி. காற்று சேலையைப் பிடுங்கியது. ஆங்கிலத்தில் ஒரு தாள் தந்திருந்தார்கள். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் உள்ளே இருந்த சனத்தைப் படைகள் சுற்றிவளைத்ததாம், தண்ணீர் முடிந்து அவர்கள் கீழே இறங்கி வந்தார்களாம். நான் வாசித்துவிட்டுச் சிரித்தேன். யாழ்ப்பாணத்துச் சனத்தைப் பிடித்துக் கோட்டை பார்க்க அனுப்புவதற்கு மச்சாளைப் போல ஒருத்திதான் வேண்டும்! எங்களுக்குக் கோட்டை என்றால் அதற்குள் ஆமி இருக்கும். அங்கிருந்து பீரங்கியால் செல் அடிப்பான். நாங்கள் கட்டிலுக்குக் கீழே கிடப்போம்.

"எங்கட கோட்டைக்கும் ஒரு காலத்தில டிக்கெட் போடுவாங்கள் பாருங்கோ. இதிலதான் இந்தச் சனம் செல்லுக்கு ஒளிச்சிருந்தது எண்டு தாளும் குடுப்பாங்கள்" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. என்னவென்று கேட்டேன். "காத்து" என்றார்.

நான் நம்பினேன். நம்பாமல் என்ன? எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் ஆகச் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான். செரிப்பழம் வாங்கித் தந்தார். என்னைப் படம் எடுத்தார். நான் சொன்னதற்கெல்லாம் காது கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் என் வாய் நிற்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவைப் பற்றியே கதைத்தேன். விசா வந்ததும் கிரவீன் வீட்டில் பின்னறையைக் கொடுக்கவேண்டும், அங்கேதான் காலை வெய்யில் விழும் என்றேன். அவர் ஓம் என்றார். குளியலறையில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பூட்டவேண்டும் என்றேன். ஓம் என்றார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பகலில் தனியே இருப்பா, நான் வேலையைப் பாதியாகக் குறைக்கட்டோ என்று கேட்டேன். அதற்கும் ஓம். "கொஞ்சம் பொறும், பிறகு கதைப்பம்" என்று ஒரு முறையாவது என் வாயை அடைத்திருக்கலாம். இல்லாத ஒருத்திக்கு நான் அறை ஒதுக்கி, கம்பி பூட்டி, கட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்தது ஒரு மலையூர். கல்லாலேயே கட்டின வீடுகள், கல் பதித்த ஒழுங்கைகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டும். சன்னல்களில் பூச்சட்டி. ஒரு தேவாலயத்துப் படியில் இருந்து புட்டைச் சாப்பிட்டோம். நான் சாப்பிட்டேன் என்று சொல்வதுதான் சரி. இவர் உருட்டி உருட்டி வைத்துக்கொண்டிருந்தார். என்னை மட்டும் "இன்னும் கொஞ்சம் சாப்பிடும், இன்னும் கொஞ்சம்" என்று வாயில் தீத்தாத குறை. சாப்பிட்டு முடிந்ததும் எனக்கு அம்மாவோடு கதைக்கவேண்டும் போல் வந்தது. கோட்டைக்கு மேல் நின்றேன் என்று சொன்னால் சிரிப்பா.

"இஞ்ச ரோட்டில போன் கூடு ஒண்டு கண்டனான். அம்மாவுக்கு ஒருக்கா எடுப்பமே?"

"இப்ப அங்க இரவெல்லே. படுத்திருப்பா."

நேரக் கணக்கில் நான் சரியான மக்கு. சிட்னியிலிருந்து ஞாயிறு தோறும் எடுக்கும்போது கூட்டல் கழித்தல் எல்லாம் இவர்தான். விரலை மடித்துப் பார்த்தேன், குழம்பியது, விட்டுவிட்டேன். இவர் எழும்பி, "வாரும், மேல இன்னொரு ஊர் இருக்காம், அது இன்னும் வடிவாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த இன்னொரு ஊர் உண்மையிலேயே வடிவுதான். மலையின் நுனியில், ஒரு சின்னக் கோட்டையைச் சுற்றி வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் காரை யாரோ ஒருவருடைய வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்திவிட்டோம் போலிருக்கிறது. கொஞ்சம் நடந்ததும் பின்னால் ஒரு கிழவர் ஹோர்ன் அடித்துக் கை காட்டிக் கத்தினார். இவர் காரைக் கீழே தரிப்பிடத்தில் விட்டு வருகிறேன், இதிலேயே நில்லும் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் நின்ற இடம் ஒரு சின்ன முற்றம். ஒரு பக்கம் சிகரெட்டும் பத்திரிகையும் விற்கிற கடை. எதிரே கண்ணாடித் தொலைபேசிக் கூடு. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றபோது ஒன்று உறைத்தது. கொழும்பு எங்களுக்குக் கிழக்கே. கிழக்கே இருக்கிற ஊரில் சூரியன் முந்தித்தானே உதிக்கும். இங்கே மத்தியானம் என்றால் அங்கே பின்னேரமாக இருக்கவேண்டும், இரவு எப்படி வரும்? பாவம், மனுசனுக்கும் இன்றைக்குக் கணக்குப் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடைக்குள் போய்க் கையைக் காதில் வைத்துக் காட்டித் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினேன். இவர் வந்ததும் "பார்த்தியளோ, நானே எடுத்திட்டன்" என்று சொல்லவேண்டும் என்று ஆசை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சின்னம்மா எடுத்தா.

"ஆரது?"

"நான்தான் சின்னம்மா. பிரான்சில இருந்து. அம்மாட்டக் குடுங்கோ."

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "எப்பிடி மோனை இருக்கிறாய்? சாப்பிட்டியே?" என்று கேட்டா.

"நல்லாச் சாப்பிட்டன். அம்மா எங்க?"

"அம்மா... அம்மா நித்திரை பிள்ளை."

சின்னம்மாவின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தொம், தொம் என்று. ஒரே தாளத்தில். அதோடு சேர்ந்து ஒருவர் இழுத்து இழுத்துப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற சத்தம். யாழ்ப்பாணத்தில் பிறந்த சைவப்பிள்ளை எதற்கும் அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. எங்கள் செத்தவீட்டில் பிரேதத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியபின், உரலில் மஞ்சளும் அறுகும் போட்டு, பாட்டுப் பாடிப் பாடி உலக்கையால் சுண்ணம் இடிப்பார்கள். வேறு எந்தக் காரியத்துக்கும் அப்படி இடிப்பதில்லை. இடித்து முடிந்ததும் பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் சுற்றிவந்து வாய்க்கரிசி போடுவார்கள். பிறகு எடுத்துவிடுவார்கள்.

"சின்னம்மா, உலக்கைச் சத்தம் கேக்குது" என்றேன்.

"அது... பக்கத்து வீட்டில மோனை."

"பக்கத்து வீட்டில சிங்களச் சனம் எல்லே சின்னம்மா."

அவ அழத் தொடங்கிவிட்டா. வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறா என்பது தெரிந்தது. கூட்டுக்குள் சின்னத் திரையில் அட்டையின் இலக்கம் விழுந்து விழுந்து குறைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு எண்ணம்தான். இப்போது சுண்ணம் இடிக்கிறார்கள் என்றால் அடுத்தது வாய்க்கரிசி. பெற்ற பிள்ளை போடவேண்டிய பிடி. நான் ஒருத்திதான் பிள்ளை.

"அழாதேங்கோ சின்னம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. என்ர பேரைச் சொல்லி ஒரு பிடி போடுங்கோ. அம்மான்ர காதில என்ர பேரைச் சொல்லிப் போடுங்கோ. கேக்குதோ? சின்னம்மா?"

திரையில் ஒன்றும் இல்லை. ரிசீவருக்குள்ளும் ஒன்றும் இல்லை. எந்தச் சொல்லில் அறுந்தது என்று எனக்குத் தெரியாது. இன்னொரு அட்டை வாங்க ஓடினேன். கடைக்காரி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். கும்பிட்டுக் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், வேறு என்ன வரும். அவள் மணிக்கூட்டைக் காட்டிவிட்டுப் போனாள்.

இவர் ஏறி வந்தபோது நான் திரும்பவும் கூட்டுக்குள் நின்றேன், ரிசீவர் கையில். அவருடைய முகம் வெளிறிப்போயிற்று.

"ஆரோட கதைச்சனீர்?"

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்க்க விரும்பினேன். ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். "சின்னம்மாவோட. அம்மா நித்திரையாம்" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். தோள் இரண்டும் தளர்ந்தன. "ஓம், நான் சொன்னனான்தானே. பாவம், நித்திரை கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

நான் கையைப் பறித்துக்கொண்டு நடந்தேன். முற்றத்தின் மூலையில் சுவரில் பதித்த ஒரு பித்தளைக் குழாயிலிருந்து மலைத்தண்ணீர் கல்தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இழவு கேட்டால் தலையில் தண்ணீர் வார்க்கவேண்டும். கொண்டையை அவிழ்த்தேன், குனிந்து தலையைக் கொடுத்தேன். மண்டைக்குள் ஊசி குத்துவது போல ஒரு குளிர். அப்போதுதான் அழுகை வந்தது. "என்ர அம்மா, என்ர அம்மா" என்று அந்தத் தொட்டிக்குள் கத்தினேன். சுற்றுலா வந்த சனம் விலகி நின்று பார்த்தது.

"என்ன இது, ஆக்கள் பாக்கினம்..." என்று ஓடி வந்தவர் பாதியில் நின்றார். தலையில் தண்ணீர் வார்ப்பது எதற்கென்று அவருக்குத் தெரியாதா? விழுந்து அழுவார் என்று நினைத்தேன், என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உமக்குத் தெரியுமெண்டு அக்காவுக்குச் சொல்லாதேயும். கலியாணம் முடியட்டும்."

திரும்பி வருகிற வழியில் நான் ஒன்றுதான் கேட்டேன். நேற்றுப் போன உயிர், இன்றைக்கே ஏன் எடுக்கிறார்கள், ஒரு நாள் வைத்திருந்தால் நான் பறந்து போயிருப்பேனே என்று. அவர் ரோட்டைப் பார்த்தபடி காரை ஓடினார். பிறகு சொன்னார், "காத்திருக்கட்டோ எண்டு சின்னம்மா கேட்டவ. அவளால வரேலாது, எடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்." அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு சந்தியிலும் இடப்பக்கம் இழுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே வருகிறவன் மோதட்டும் என்றுதான் இருந்தேன்.

கல்யாணம் நடந்தது. தாய் இடத்தில் நான் நின்றேன். கூறைச்சேலைத் தட்டத்தைத் தொட்டுக் கொடுத்தேன், அறுகரிசி போட்டு ஆசீர்வதித்தேன். அம்மாவின் வாயில் போடாத அரிசியை யாரோ ஒரு பெட்டையின் தலையில் போட்டேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெட்டை என்ன பாவம் செய்தாள்? காடு மலை எல்லாம் கடந்து, ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் வந்து சேர்ந்த பிள்ளை, மணவறையில் நடுங்கிக்கொண்டு இருந்தாள். அதோடு, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன.

தாலி கட்டி முடிந்து பந்தியும் முடிந்த பிறகு, மச்சாள் என்னை உடுப்பு மாற்றுகிற அறைக்குக் கூட்டிப்போனா. ஒரு தட்டில் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்தா. "ஒரு விஷயம் சொல்லவேணும் பிள்ளை. முதல் சாப்பிடும்" என்றா. நான் பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். பிறகு சொன்னா. சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக் கதறினா. நானும் கதறினேன். நடிக்கத் தேவையிருக்கவில்லை. அவ நெஞ்சிலடித்து அழுததும் உண்மையான அழுகைதான், புருஷனைப் பறிகொடுத்தவவுக்கு இழவு புதிதில்லை. ஆனாலும் அவவின் கை என் முதுகைத் தடவியபோது எனக்கு அருவருத்தது. எங்கள் வீட்டில் இவர் கை பட்டாலும் பிறகு வெகு காலம் அப்படித்தான் இருந்தது. இப்போதும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஸ்டேஷனில் அவர் நாலடி முன்னால் போகிறார். நான் இப்போது பின்னால் ஓடுவதில்லை.

கொழும்புக்கு நாங்கள் போட்ட டிக்கெட்டிலேயே போனோம். சாம்பலையும் கடலில் கரைத்துவிட்டார்கள். முன்னறையில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை, சின்னம்மாவைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்டைக்கு நான் போனில கடைசியாச் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

"உலக்கைச் சத்தம் கேக்குது எண்டாய். பக்கத்து வீட்டில சிங்களச் சனம் எண்டாய். பிறகு அழாதேங்கோ சின்னம்மா எண்டாய். அதோட லைன் அறுந்துபோட்டுது மோனை. ஏன், என்ன சொன்னனீ?"

நான் சொல்லவில்லை. அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு தானாகவே விளங்கிக்கொண்டா போலிருக்கிறது. "எல்லாரும் வாய்க்கரிசி போட்டினம். உன்ர பேரில ஒருத்தரும் போடேல்லைப் பிள்ளை, எனக்கு அது நினைவே வரேல்லை" என்று தலையில் அடித்துக்கொண்டா.

ஓம் மோனை, உன்ர பேரைச் சொல்லி நான் ஒரு பிடி போட்டனான் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு பொய் சொன்ன குடும்பம். எனக்கு ஒரு பொய் வேண்டியிருந்த நேரத்தில் சின்னம்மா உண்மையைச் சொல்லிவிட்டா.